தோற்றவன் மரியாதையும் நடுவர் நாணயமும்

(ஒரு தேகப்பயிற்சிக் கழகத்தின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



உங்கள் கழகத்தின் ஆண்டு விழாவில் பேச நம்மை அழைத்தபோது நாம் முதலில் சிரித்துவிட்டோம். ஏனெனில், நமது புஜத்தை இங்கு உட்கார்ந்திருக்கும் பையன்களின் புஜத்தின் பக்கத்தில் வைத்தால் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் முருங்கைக்காய் வைத்தது போலிருக்கும். ஆனாலும் "போட்டியில் மரியாதை" என்று ஒரு தலைப்பை நோட்டீசிலேயே அச்சடித்துவிட்டு அழைத்தீர்கள். மரியாதை என்னும் சொல்லைக் கேட்டுவிட்டு நாம் வராமலிருப்பது நியாயமில்லை என்றுதான் வந்தோம்.

வந்தவுடன் உங்கள் பயிற்சிக் கொட்டகையையும் பார்த்தோம். சுவரில் அனுமார் படம் மாட்டி, அதற்கு மாலையும் போட்டிருக்கின்றது. அதன் கீழே கர்லாக் கட்டைகளும் இரும்புக் குண்டுகளும் கிடக்கின்றன. உங்கள் உடம்பை இப்படி உருட்டித் திரட்டினது மேலே இருக்கின்ற படமா, கீழே கிடக்கின்ற இரும்பா என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள். இன்றைக்கு நாம் அந்தச் சண்டையை எடுக்க வரவில்லை.

தோழர்களே! ஓட்டப் பந்தயத்தில் யார் ஜெயித்தான் என்பதற்குக் கயிறு சாட்சி. பளு தூக்குவதில் தராசு சாட்சி. குஸ்தியில் எவன் முதுகு மண்ணில் பட்டதோ அந்த மண்ணே சாட்சி. ஆனால் இந்த ஆணழகன் போட்டி என்பதில் சாட்சி என்ன? ஒன்றும் கிடையாது. நாலு பேர் வரிசையாக நிற்கிறார்கள். நாலு பேரும் கைகால்களை மடக்கிக் காட்டுகிறார்கள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரோ ஏழு பேரோ, தங்கள் கண்ணுக்கு எவன் உயர்ந்தவனாகப் பட்டானோ அவன் உயர்ந்தவன் என்று எழுதி விடுகிறார்கள். ஆகவே மற்றப் போட்டிகளை விட இதில்தான் மரியாதை என்பதும் நாணயம் என்பதும் அதிகமாக வேண்டியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

இந்தப் போட்டிகள் நடக்கும் முறையைச் சிறிது கவனியுங்கள். உயரத்தைக் கொண்டோ எடையைக் கொண்டோ பிரிவு பிரிக்கிறார்கள். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று திருப்பிப் பார்க்கிறார்கள். பிறகு இரண்டு மூன்று பேராகக் கூப்பிட்டு ஒருவர் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு நடுவரும் தம் காகிதத்தில் இவன் ஒன்று, இவன் இரண்டு, இவன் மூன்று என்று இடம் போடுகிறார். கடைசியில் ஒருவனுக்கு விழுந்த எண்களில் மிகவும் கூடியதையும் மிகவும் குறைந்ததையும் தள்ளிவிட்டு, மீதியைக் கூட்டி, யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவனுக்கு முதலிடம் கொடுக்கிறார்கள். ஏன் இரண்டு பக்கத்து எண்களையும் தள்ளுகிறார்கள்? நடுவரில் ஒருவர் தம் சீடனுக்காகக் கண்ணை மூடிக் கொள்ளலாம், இன்னொருவர் தமக்குப் பிடிக்காதவனை வேண்டுமென்றே கீழே தள்ளலாம் என்று சட்டம் எழுதினவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு. நடுவர் தீர்ப்பைப் பற்றி வாய் திறப்பதே மரியாதைக் குறைவு என்று சொல்லும் கனவான்கள், அந்தத் தீர்ப்பைச் சந்தேகித்தே விதி செய்யப்பட்டிருக்கிறது என்பதை அறிய வேண்டும்.

நிற்க, முதலில் போட்டிக்காரர்களுக்குள் இருக்க வேண்டிய மரியாதையைப் பற்றிச் சொல்லுவோம். மேடையில் நிற்கும்போது பக்கத்திலிருப்பவனை மறைக்கும்படி அரையடி முன்னால் நகர்ந்து கொள்ளுவது, கையை விரிக்கும் சாக்கில் முழங்கையால் இடிப்பது, மேடைக்குப் பின்னால் "உன் கால் என்ன கொக்குக் காலா?" என்று கேட்டு அவன் மனதை உடைப்பது, கூட்டத்தில் தன் தெருப் பையன்களை உட்கார வைத்து எதிரி வரும்போது மட்டும் சீட்டியடிக்கச் சொல்லுவது, இரண்டாவது இடம் கிடைத்தால் கோப்பையைக் கீழே போட்டுவிட்டு இறங்கிப் போவது ஆகிய இவைகளெல்லாம் நாம் நேரில் பார்த்திருக்கிற சங்கதிகள். இதைச் செய்கிறவன் ஒன்றை நினைத்துப் பார்ப்பதில்லை. அவன் விடியற்காலையில் எழுந்து இரும்பைத் தூக்கியது, வாய்க்கு ருசியானதைத் தொடாமலிருந்தது, கலியாண வீட்டில் பாயசத்தைத் தள்ளி வைத்து எல்லோரிடமும் கேலி வாங்கிக் கட்டிக் கொண்டது ஆகிய எல்லாவற்றையும் அந்தக் கூட்டத்தில் சரியாக அறிந்தவன் ஒருவன் உண்டானால், அவன் பக்கத்தில் நிற்கும் எதிரி ஒருவனே. அவன் தாயாருக்குக்கூட அந்தக் கஷ்டம் பாதிதான் தெரியும். நடுவருக்குத் தெரியாது. கை தட்டுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. அப்படியிருக்க, தன் கஷ்டத்தை அறிந்த ஒரே மனிதனைப் பகையாளியாகப் பாவிப்பது எவ்வளவு முட்டாள்தனம்?

இந்தப் போட்டி எங்கே தொடங்கியது என்று சிலருக்குத் தெரியாமலிருக்கலாம். 1901-ஆம் வருஷம் செப்டம்பர் 14-ந் தேதி லண்டனில் ராயல் ஆல்பர்ட் ஹால் என்னும் பெரிய மண்டபத்தில் யூஜின் சாண்டோ என்பவர் இதை நடத்தினார். ஜில்லா ஜில்லாவாகப் பொறுக்கியெடுத்த 60 பேர் மேடைக்கு வந்தார்கள். நடுவர்கள் மூவர். ஒருவர் சிற்பி, மற்றொருவர் துப்பறியும் கதைகள் எழுதிப் பேர் பெற்ற கானன் டாயில், மூன்றாமவர் சாண்டோவே. தசை எவனுக்குப் பெரிது என்று மட்டும் பார்க்கக் கூடாது, உடம்பு முழுவதும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வளர்ந்திருக்கிறதா, ஆரோக்கியம் எப்படி, தோல் எப்படி என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே அச்சிட்டு வெளியிட்டார்கள். நாட்டிங்ஹாம் ஊரைச் சேர்ந்த மர்ரே என்பவர் ஜெயித்தார். போட்டி நடத்தினவரே நடுவரில் ஒருவராகவும் உட்கார்ந்தது நமக்குச் சம்மதமில்லை. ஆனால் எதைப் பார்த்து மார்க்குப் போடப் போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார் பாருங்கள், அது யோக்கியமான காரியம். நூற்றிருபது வருஷத்திற்கு மேலாகியும் நம் பக்கத்துப் போட்டிகளில் அதுகூட நடப்பதில்லை.

இனி நம் நாட்டார் இருவரைப் பற்றிச் சொல்லுவோம். மனோகர் ஐச் என்று ஒரு வங்காளி. 1912-இல் கோமில்லா ஜில்லாவில் பிறந்தவர். உயரம் நாலடி பதினோரு அங்குலம். நம் ஊரில் இந்த உயரத்திற்கு ஒருவன் இருந்தால் அவன் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது, "குள்ளன்" என்பதே பெயராகிவிடும். இவர் வெள்ளைக்கார சர்க்காரின் ஆகாயப் படையில் வேலைக்குச் சேர்ந்தார். ஓர் அதிகாரி இந்தியர்களை இழிவாகப் பேசினதற்குக் கன்னத்தில் ஓர் அறை கொடுத்துவிட்டுச் சிறைக்குப் போனார். சிறைக்குள்ளேயே மணிக்கணக்காகப் பயிற்சி செய்தார். சுதந்திரம் வந்த சமயத்தில் வெளியே வந்து, வயிற்றுப் பாட்டுக்கு இளநீர்கூட விற்றிருக்கிறார்.

இவர் 1951-இல் லண்டனில் நடந்த மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டிக்குப் போனார். உயரப்படி பிரித்த பிரிவில் இரண்டாவதாக வந்தார். முதலாவதாக வந்தவர் யார்? மனோதோஷ் ராய் என்னும் இன்னொரு வங்காளி! கடல் கடந்து போய் அந்நியனிடம் தோற்றிருந்தால் "அவன் நாட்டு நடுவர்கள், அதனால்தான்" என்று ஒரு சமாதானமாவது சொல்லிக் கொள்ளலாம். சொந்த ஊர்க்காரனிடம் தோற்பதைப் போல மனிதனுக்குக் கசப்பானது வேறில்லை. எதிர்வீட்டுக்காரன் மாடி வீடு கட்டினால் வருகிற வயிற்றெரிச்சல், லண்டனில் ராஜா அரண்மனை கட்டினால் வருவதில்லையல்லவா? ஐச் என்ன செய்தார்? ஊர் திரும்பவில்லை. இங்கிலாந்திலேயே ரயில்வேயில் ஒரு வேலை தேடிக்கொண்டார். வேலை செய்த நேரம் போக மீதி நேரத்தில் இரும்பைத் தூக்கினார். 1952-இல் அதே போட்டிக்கு மறுபடியும் போய் நின்றார், தம் பிரிவில் ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது. 2016-இல் இறக்கும்போது நூறு வயதைத் தாண்டியிருந்தார்.

கவனியுங்கள் தோழர்களே! இழிவாகப் பேசின மேலதிகாரியை அறைந்த கையும், நியாயமாக ஜெயித்த தோழனிடம் தோற்ற பிறகு பேசாமல் இரும்பைத் தூக்கின கையும் ஒரே கைதான். முன்னதை ரோஷம் என்றும் பின்னதைப் பணிவு என்றும் இரண்டாகப் பிரித்துச் சொல்லுவார்கள். நம் அபிப்பிராயத்தில் இரண்டும் ஒன்றே. தன்னை மதிக்கிறவனுக்குத்தான், இழிவுபடுத்துகிறவன் யார், யோக்கியமாகத் தன்னை வென்றவன் யார் என்கிற வித்தியாசம் தெரியும்.

இதே லண்டன் போட்டியில் 1966-இல் ஆஸ்திரியா தேசத்து வாலிபர் அர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் இரண்டாவதாக வந்தார். சினிமாக் கொட்டகைக்குப் போகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பெயர் தெரியும். அவரை வென்றவர் செட் யார்ட்டன் என்னும் அமெரிக்கர். அந்தப் போட்டியில் நடுவராயிருந்த வாக் பென்னட் என்பவர், தோற்றுப் போன அந்தப் பையனைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துச் சோறு போட்டு, தம் கூடத்தில் பயிற்சியும் கொடுத்தார். 1967-இல் பையன் ஜெயித்தான். யார்ட்டனோ பிற்காலத்தில், மருந்து சாப்பிட்டு உடம்பை ஊதவைப்பதை எதிர்த்து, மருந்துச் சோதனை நடத்தும் சங்கமே அமைத்தார்.

மருந்து என்றதும் சிலர் தலையைக் குனிந்து கொள்ளுவது நமக்குத் தெரிகிறது. 1958-இல் அமெரிக்காவில் டயனபால் என்னும் மாத்திரை கடைக்கு வந்தது முதல் இந்த நோய் பரவிவிட்டது. இது கல்லீரலையும் இருதயத்தையும் கெடுப்பதோடு ஆண்மையையும் கெடுக்கும் என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். ஆண்மையைக் கெடுத்துக் கொண்டு ஆணழகன் பட்டம் வாங்குவது எப்படிப்பட்ட புத்தியோ! உடம்பு உன்னுடையது, கெடுத்துக்கொள், அது உன் இஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் பக்கத்தில் கம்பங்கூழும் வேர்க்கடலையும் முட்டையும் தின்று வந்து நிற்கிறானே ஒருவன், அவனை ஏமாற்ற உனக்கு என்ன பாத்தியம்? கோப்பையைத் தூக்கி எறிவதைவிட இது பெரிய மரியாதைக் கேடு. என்ன காரணத்தாலோ ஊசி போட்டுக் கொண்டு வந்து எல்லோரிடமும் கை குலுக்குகிறவனைத்தான் "நல்ல விளையாட்டு வீரன்" என்கிறார்கள்.

இனி, தோற்றவன் எப்போதும் வாயை மூடிக்கொண்டு சிரிக்க வேண்டும் என்கிற உபதேசத்துக்கு வருவோம். அமெரிக்காவில் அமெச்சூர் அத்லெடிக் யூனியன் என்று ஒரு சங்கம். அதுதான் மிஸ்டர் அமெரிக்கா பட்டம் கொடுத்து வந்தது. சுமார் முப்பது வருஷ காலம் அந்தப் பட்டம் ஒரு கறுப்பருக்குக்கூடக் கிடைக்கவில்லை. கறுப்பரில் நல்ல உடம்பு இல்லையா? இருந்தது. "மிகச் சிறந்த தசை", "மிகச் சிறந்த கை" என்று சில்லறைப் பரிசுகளைக் கொடுத்துவிட்டுப் பெரிய பட்டத்தை வெள்ளையருக்கே கொடுத்து வந்தார்கள். உடம்புக்கு மட்டுமன்றிப் படிப்பு, நடத்தை, பேச்சு இவைகளையும் பார்ப்போம் என்று ஏற்பாடு செய்து கொண்டார்கள். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தராசில் வைக்க முடியாத சரக்கைச் சேர்த்தால், தராசு பிடிக்கிறவன் விரலுக்கு வேலை அதிகம் என்பது எந்தச் சந்தைக்குப் போனாலும் தெரியும். "குலம், ஒழுக்கம், ஆசாரம்" என்று சொல்லிக் கொண்டு பள்ளிக்கூடக் கதவைச் சாத்தி வைத்திருந்தவர்களைப் பார்த்த நமக்கு இந்தத் தந்திரம் புதிதல்லவே!

செர்ஜியோ ஆலிவா என்பவர் கியூபா தேசத்துக் கறுப்பர். தம் தேசத்தை விட்டு வந்து சிக்காகோவில் பிழைத்தவர். 1966-இல் மிஸ்டர் அமெரிக்கா போட்டியில் மிகச் சிறந்த தசைக்கான பரிசு இவருக்கு, பட்டமோ பாப் காஜ்டா என்னும் வெள்ளையருக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால் ஆலிவாவும் காஜ்டாவும் ஒரே கூடத்தில் சேர்ந்து பயிற்சி செய்த சிநேகிதர்கள்! தாம் கறுப்பர் என்பதாலேயே பட்டம் மறுக்கப்பட்டது என்று ஆலிவா கருதினார். கருதி, காஜ்டாவின் சட்டையைப் பிடித்தாரா? இல்லை. அந்தச் சங்கத்தின் படியை விட்டே இறங்கி, வேறு சங்கத்தின் போட்டிக்குப் போனார். அடுத்த வருஷம் 1967-இல் மிஸ்டர் ஒலிம்பியா பட்டம், 1968-லும் அதே, 1969-லும் அதே. எதிரிக்கு மரியாதை கொடுப்பது வேறு, அநியாயத் தீர்ப்புக்குத் தலை வணங்குவது வேறு. முன்னதைச் செய்யாதவன் முரடன், பின்னதைச் செய்கிறவன் அடிமை. பிறகு 1970-இல்தான் கிரிஸ் டிக்கர்சன் என்னும் கறுப்பருக்கு அந்த யூனியன் மிஸ்டர் அமெரிக்கா பட்டத்தைக் கொடுத்தது. அவருடைய தாயார் அலபாமா மாகாணத்தில் வக்கீலான முதல் கறுப்புப் பெண்மணி. அவரும் கதவைத் தட்டித் திறந்தவர்தான்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாய்மார்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். பெண்கள் உடற்கட்டுப் போட்டி 1978-இல் அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்தில் ஒழுங்காக ஆரம்பித்தது. பெண்கள் உழைத்தார்கள், தசையும் வளர்ந்தது. உடனே ஆண்களுக்கு வயிறு கலங்கிவிட்டது. தொழில்முறைப் பிரிவில் பெண்கள் தங்கள் தசையை நூற்றுக்கு இருபது பங்கு குறைத்துக் கொள்ள வேண்டும் என்று 2005-ஆம் வருஷத்துக்கென்று சுற்றறிக்கையே விட்டார்கள். ஆண் ஒருவனைப் பார்த்து, நீ அதிகமாக வளர்ந்துவிட்டாய், ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு வா என்று எவனாவது சொன்னதுண்டா? தசைப் போட்டியில் தசை இருப்பதே குற்றம் என்றால், படிப்புப் பரீட்சையில் அதிகம் படித்த பெண்ணைப் பெயிலாக்குவது போலத்தானே?

தோழர்களே! இவ்வளவு நேரம் அமெரிக்கா, லண்டன் என்று தூரத்திலிருப்பவர்களைத் திட்டிவிட்டோம். அது சுலபம். இப்பொழுது நம்மைப் பற்றிச் சொல்லுகிறோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு டவுனில் ஆணழகன் போட்டிக்குப் பரிசளிக்க நம்மை அழைத்திருந்தார்கள். மூட்டை தூக்கிப் பிழைக்கும் வாலிபன் ஒருவனும், பந்தல் செலவையும் கோப்பைச் செலவையும் ஏற்றுக்கொண்டிருந்த பிரமுகரின் மகனும் கடைசியில் நின்றார்கள். நமக்குத் தசையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று முன்னமே சொன்னோம். ஆனாலும் பந்தலிலிருந்த குழந்தைகூட எவன் உடம்பு மேலானது என்று சொல்லியிருக்கும். பட்டம் பிரமுகர் மகனுக்குப் போயிற்று.

மூட்டை தூக்கும் பையன் போய் ஜெயித்தவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். உடனே "ஆகா! இதுவல்லவோ மரியாதை!" என்று மேடையிலிருந்தவர்கள் கை தட்டினார்கள். பிறகு அவன் மைக்குக்குப் பக்கத்தில் வந்து, "ஐயா, யார் யாருக்கு எவ்வளவு மார்க்கு என்று வாசித்துவிடுங்கள், என்னுடைய குறை எது என்று தெரிந்தால் அடுத்த வருஷத்துக்குத் திருத்திக் கொள்ளுகிறேன்" என்று கேட்டான். அவ்வளவுதான்! ஒரு நிமிஷத்துக்கு முன் கை தட்டினவர்களே "பெரியவர்கள் முன்னால் மரியாதை தெரியாதவன், இறங்குடா" என்றார்கள். கையைக் குலுக்கினபோது மரியாதைக்காரன். கணக்குக் கேட்டபோது மரியாதை கெட்டவன். மார்க்கை வாசிக்கவும் இல்லை.

அந்த மேடையில் நாமும் மாலை போட்டுக் கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம். வாசியுங்கள் என்று நாம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாசித்திருப்பார்கள். அழைத்த வீட்டில் சண்டை எதற்கு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று பேசாமலிருந்துவிட்டோம். கோப்பையைப் பிரமுகர் மகன் கையில் கொடுத்ததும் இந்தக் கைதான். ஊர் ஊராகப் போய் மானம், மரியாதை என்று தொண்டை கிழியப் பேசுகிற நாம் அன்றைக்குப் பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை. அந்தப் பையன் இறங்கிப் போகும்போது நம்மை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அது இன்னும் நம் மனதை அறுத்துக் கொண்டிருக்கிறது.

ஆகவே நாளைச் சாயங்காலம் நடக்கப் போகிற உங்கள் போட்டியைப் பற்றி இரண்டொரு விண்ணப்பம் செய்து கொள்ளுகிறோம். எதைப் பார்த்து மார்க்குப் போடப் போகிறீர்கள் என்பதைக் காலையிலேயே எழுதி வாசற்கதவில் ஒட்டிவிடுங்கள். போட்டி முடிந்ததும் ஒவ்வொரு நடுவரும் எழுதின காகிதத்தையும் அவர் பெயரோடு அதே கதவில் ஒட்டிவிடுங்கள். பணம் கொடுத்தவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள், நடுவர் மேஜைக்குப் பக்கத்தில் போடாதீர்கள். உங்கள் கழகத்துப் பையனைப் பயிற்றுவிக்கிறவர் அவன் பிரிவுக்கு நடுவராக உட்கார வேண்டாம்.

இன்னொன்று. நோட்டீசில் நடுவர்கள் ஐந்து பேரில் ஒருவராக நம் பெயரையும் போட்டிருக்கிறீர்கள். தயவு செய்து அதை அடித்துவிடுங்கள். இந்த வேலைக்கு நமக்கு யோக்கியதை கிடையாது. தசையும் தெரியாது, அன்றைக்குத் தைரியமும் இருக்கவில்லை. நாம் சொன்ன அந்த மூட்டை தூக்கும் தோழர் இப்பொழுது இந்த ஊர் மண்டியில்தான் வேலை செய்கிறாராம், மத்தியானம் கேள்விப்பட்டோம். மேடையேறுவதை விட்டுவிட்டாராம், பயிற்சியை மட்டும் விடவில்லையாம். உங்கள் செயலாளர் இன்றிரவே போய் அவரைக் கேட்டுப் பார்க்கட்டும். கேட்கப் போகும்போது நாமும் கூட வருகிறோம்.